நோட்டில் இல்லாத கொப்புளம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. தேனியில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கைபேசியில் ‘சுருளியக்கா’ என்று பெயர் வந்தது. ஐந்து வருடமாக அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. நானும் அழைத்ததில்லை. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மணி ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

பேசியது அவருடைய கணவர் ஈஸ்வரபாண்டி அண்ணன். அக்கா கூடலூரில் தன் பார்லரில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஜீப்பைக் கொண்டுவந்து ஏற்றுவதற்குள் போய்விட்டார். நாற்பத்தொன்பது வயது.

அப்போது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. இனி அவர் என்னிடம் கேட்கமாட்டார் என்ற நிம்மதி. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது இருந்திருக்கும். ஆனால் இருந்தது. அது போன பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து நாற்காலி டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “உங்களுக்கு நெருங்கின சொந்தமா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.

சுருளியம்மாள் என்பது அவருடைய முழுப் பெயர். அப்பா கருத்தக்கண்ணன் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலை பார்த்தவர். பத்தாவது முடித்ததும் மகளும் தோட்டத்துக்கே போனார். மருந்து அடித்த மறுநாளே கவாத்து வெட்டக் கொடியைப் பிடிப்பார்கள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டால் தோட்டக்காரருக்கே தெரியாது. ஈஸ்வரபாண்டி அண்ணனைக் கட்டிக்கொண்டு கம்பத்துக்கு வந்தார். அண்ணன் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஜீப் ஓட்டுபவர். அவர் காலையில் மலையேறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அக்கா தேனியில் ஆறு வார அழகுக்கலைப் பயிற்சிக்குப் போனார். பிறகு கம்பத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் பார்லர் திறந்தார்.

பலகையில் ‘சுருளியம்மாள் அழகு நிலையம்’ என்று எழுதினார். பலகை எழுதியவரே, இப்படிப் பெயர் வைத்தால் யாரும் படியேறமாட்டார்கள், ஏதாவது இங்கிலீஷில் வையுங்கள் என்றாராம். அக்கா கேட்கவில்லை. முதல் மாதம் இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து, முடியைச் சுருட்டிவிடும் கடைதானே இது என்று கேட்டிருக்கிறார்கள். “இது என் பேரு ஆத்தா. உன் முடி அது பாட்டுக்கு நீட்டமா இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்பியதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் காயங்களை எழுதத் தொடங்கியது ஒரு நர்ஸால். ஞானபாக்கியம் என்று பெயர். அவருடைய முன்னங்கையில் வாக்ஸ் தடவி இழுத்தபோது, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது. அக்கா பதறிப்போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நர்ஸ் அம்மா கோபப்படவே இல்லை. கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே, மெழுகு எத்தனை நிமிடம் சூடாகியது, அதே மெழுகை இதற்கு முன் எத்தனை முறை சூடாக்கினாய், உன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அக்கா தெரியாது என்றே சொன்னார். “எங்க வார்டுல ஒரு ஊசி மாத்திப் போட்டாக்கூட எழுதி வச்சிருவோம். எழுதலேன்னா, அடுத்த ஆளுக்கும் அதேதான் நடக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தோட்டத்தில் தன் விரல்கள் வெந்த காலத்தில் இப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது என்பார் அக்கா.

இரண்டு நீள நோட்டுகள் வாங்கினார். ஒன்றில் வருகிறவர்களின் பெயர், தெரு, தொலைபேசி, பக்கத்தில் ஒரு எண். அது பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கும். இன்னொன்று காய நோட்டு. அதில் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே தோல், அரிப்பு, தழும்பு என்று ஒரு சொல் எழுதப்பட்டிருந்தால் அது அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான் 2017இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பி.எட். படிக்கவைக்க இன்னும் ஒரு வருடம் பொறு என்றே அத்தா, என் அப்பா, வருடாவருடம் சொன்னார். படித்த பெண் பார்லரில் வேலை பார்ப்பதா என்று எங்கள் தெருவில் பேசினார்கள். அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டதே படிப்புக்காகத்தான். டப்பாக்களின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் அவருக்கு வேண்டியிருந்தது.

முதல் வாரமே காய நோட்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இப்போது அது என் மேசையில்தான் இருக்கிறது. அவர் கையெழுத்தில் சில, ஓரத்தில் இருக்கும் தேதியை விட்டுவிட்டு:

‘எண் 87. மேலுதட்டு முடிக்கு நூல். மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளம். நூலை நான் வாயில் கடித்துப் பிடித்துச் செய்தேன். இனிமேல் கழுத்தில் கட்டித்தான் செய்ய வேண்டும்.’

‘எண் 140. வாக்ஸ். தோல் உரிந்துவிட்டது. பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.’

‘எண் 203. பிளீச். கன்னம் சிவந்து எரிச்சல். பொடியை நான் கண்ணளவில் போட்டேன். கரண்டி இருந்தும் எடுக்கவில்லை. பக்கத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.’

எல்லாவற்றிலும் ‘நான்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். நான் முதல்முதலாக எழுதிய பதிவில், வாடிக்கையாளருக்கு மென்மையான சருமம், அதனால் தடிப்பு என்று எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டார். “அவுக தோலு மேல பழியப் போடாத புள்ள. தோலு அவுக கூடவே பொறந்தது. நம்ம கை என்ன செஞ்சுச்சு, அத எழுது” என்றார். எழுதுவதோடு விடமாட்டார். இரண்டாம் நாள், ஏழாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பார். பக்கத்து பார்லர்காரர்கள் அவரைப் புண்ணு வாத்தியார் என்று கேலி செய்தார்கள். தன் தப்பைத் தானே எழுதி வைக்கிறவள் இந்தத் தொழிலில் பிழைக்கமாட்டாள் என்றார்கள். ஆனால் ஒருமுறை வந்தவர்கள் அவரிடமே வந்தார்கள்.

அக்கா கடைக்குள் விடாத ஒரு பொருள் உண்டு: கறுப்பு மருதாணிக் கோன். ஃபேன்சி கடைகளில் தொங்கும். ஒரு மணி நேரத்தில் மை போலப் பிடிக்கும். மருதாணி இலை யார் கையிலும் கறுப்பாகப் பிடிக்காது. அதில் கலந்திருப்பது முடிக்கு அடிக்கும் டையில் இருக்கும் பி.பி.டி. என்கிற ரசாயனம். கறுப்பு எப்படி வருகிறது என்று அக்கா கேட்டபோது அதை விளக்கிச் சொன்னதே நான்தான். சிலருடைய உடம்பு முதல் முறை அதை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பல மடங்காகத் திருப்பி அடிக்கும் என்றும் சொன்னேன். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் அது இந்தப் படியே ஏறக்கூடாது என்றார்.

அதை ஏற்றியது நான்.

2018 கடைசியில் ஒரு நாள் அக்கா சாமான் எடுக்கத் தேனிக்குப் போயிருந்தார். எங்கள் தெருவைச் சேர்ந்த ஷர்மினும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஷர்மினின் அம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் ஷர்மினின் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம், அதற்குள் அவளுக்கு மருதாணி கறுத்துப் பிடிக்க வேண்டும். நாங்கள் கடையில் பிசையும் மருதாணி மறுநாள் காலையில்தான் சிவக்கும் என்றேன். அவள் முகம் வாடியது. பத்தொன்பது வயசுப் பெண். எதிர்க்கடைக்குப் போய் ஒரு கறுப்புக் கோன் வாங்கிவந்து, இரண்டு கையிலும் கொடியும் பூவுமாக நானே வரைந்தேன். அழகாகவும் வரைந்தேன். காலிக் கோனைப் பொட்டலமாகச் சுற்றி வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த நேரம். தெரு முனையில் நின்று அவர் போவதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறார்கள். மாமி மகளின் துப்பட்டாவை விலக்கிக் காட்டினார். மருதாணி நிறம் போய்விட்டது. ஆனால் நான் வரைந்த கொடி போகவில்லை. கோடு கோடாக, இதழ் இதழாக, அப்படியே கொப்புளமாக எழுந்து நீர் கோத்திருந்தது. என் கைவேலையை அவள் தோலே மறுபடி வரைந்து காட்டியது போல இருந்தது.

நான் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்தார்.

“எழுதாதம்மா சாபிரா. ஞாயித்துக்கெழம சின்னமனூர்லருந்து பொண்ணு பாக்க வாராக.”

“நம்பருதான் மாமி எழுதுவோம். பேரு இருக்காது.”

“நம்பருக்குப் பின்னால பேரு இருக்குல்ல. ஒருத்தி பாத்தாப் போதும். பிள்ளைக்குத் தோலு வியாதின்னு கூடலூரு வரைக்கும் சொல்லிருவாளுக.”

கைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். பிரியாணிச் சட்டியின் ஆவி அடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார். “சமைக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னு சந்தோசப்பட்டுக்கிருவாக” என்று அழுகையோடு சிரித்தார்.

நான் நோட்டை மூடினேன். மாமிக்காக மூடினேன் என்றுதான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. எழுதினால் ‘நான்’ என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கறுப்புக் கோன் வாங்கினேன் என்று எழுத வேண்டும். அக்கா அதை வாசிப்பார். மாமியின் அழுகை என் பயத்துக்கு நல்ல மறைப்பாகக் கிடைத்தது. தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லி, கூடவே களிம்பு ஒன்றின் பெயரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஷர்மின் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படி இறங்கும்போது, அவள் அம்மாவுக்குக் கேட்காமல், “எனக்கு நம்பர் எத்தனைக்கா?” என்று கேட்டாள். 316 என்றேன்.

சம்பந்தம் பேசி முடிந்தது. கல்யாணம் 2020 பிப்ரவரியில், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஷர்மினைக் கூட்டிக்கொண்டு மாமியும், மாப்பிள்ளையின் அக்கா சாதியாவும் வந்தார்கள். ஷர்மினுக்கு நெற்றியோரம் கொஞ்சம் இளநரை. சாதியா அதை அன்றுதான் கவனித்திருக்கிறார். டை அடித்துவிட வேண்டும் என்றார்.

டை என்றால் அக்காவுக்கு ஒரு சட்டம். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்த பிறகுதான் தலையில் கை வைப்பார். அதைச் சொன்னதும் சாதியா சிரித்துவிட்டார். “முடிக்கு மை பூசுறதுக்கு ரெண்டு நாளு காவலா? நாங்க என்ன ஆபரேசனுக்கா வந்திருக்கோம்?”

“ஆபரேசன்னா டாக்டரு பாத்துக்குவாரு. இதுக்கு நாந்தான பாக்கணும்” என்றார் அக்கா.

ஆனால் நிக்காஹுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆள் பக்கத்தில் நிற்கிறார். பெண்ணின் நரையை அப்படியே விட்டு அனுப்புவதா என்று அக்கா தயங்கியது எனக்குத் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து இரண்டு நோட்டையும் எடுத்தார். 316. பெயர் நோட்டில் வந்த கணக்குக்கு மூன்று கோடு, தேதி இல்லை; ஒரு கோட்டின் பக்கத்தில் மருதாணி என்று என் கையெழுத்து. காய நோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை இறக்கினார். இரண்டு முறை இறக்கினார். பிறகு மாமியிடம், பிள்ளைக்கு இதற்கு முன் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். மாமி தரையைப் பார்த்தபடி இல்லை என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “மருதாணி நீதான வச்ச? அப்பறம் கை எப்படி இருந்துச்சு?”

கண்ணாடியில் ஷர்மின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதியா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. தனியாக ஒரு நிமிடம் வாருங்கள் அக்கா என்று வெளியே கூப்பிட்டிருக்கலாம். அவ்வளவு எளிது.

“நல்லாத்தாங்க்கா இருந்துச்சு” என்றேன்.

அக்கா டையைக் கலக்கினார்.

சனிக்கிழமை மாலை அரிப்புத் தொடங்கியது. ஞாயிறு விடியும்போது ஷர்மினின் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிவிட்டன. தலையெல்லாம் நீர் வடிந்தது. தேனிக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பந்தலில் பிரியாணி வெந்துகொண்டிருக்க, நிக்காஹ் தள்ளிப்போனது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குள்ளேயே சுருக்கமாக நடந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாளாம்.

அந்தத் திங்கட்கிழமை ஷர்மினின் மாமா ஷேக் மைதீன் பார்லருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தப்பு யார் மேல் என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பின்னால் வாசலில் மாமி நின்றார். நான் ஸ்டீமரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“என் மேலதாண்ணே. ரெண்டு நாளு வச்சுப் பாக்காம தலையில போட்டுட்டேன். வேற யாரு மேலயும் இல்ல” என்றார் அக்கா.

மாமியும் நானும் ஒரு தரம் பார்த்துக்கொண்டோம். உடனே பார்வையை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு மாமி என்னிடம் பேசியதில்லை.

அன்று அக்கா எழுதிய பதிவு இது: ‘எண் 316. டை. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. நான் சோதிக்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். நோட்டில் இல்லாதது நடக்காதது என்று நினைத்துவிட்டேன்.’ எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே கேட்டார்: “சாபிரா, நாம எழுதாம விட்டது ஏதும் இருக்குமா?” அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் முறையில் எங்கே ஓட்டை என்று தேடித்தான் கேட்டார். இரண்டாவது தடவையும் பொய்தான் சொன்னேன், இல்லை என்று.

எங்கள் தெருக்களிலிருந்து வரத்து நின்றது. அடுத்த மாதம் ஊரடங்கு. எல்லாக் கடையும்தான் மூடியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்ற பார்லர்கள் திறந்தன. அக்காவின் மாடிக்கு ஆள் ஏறவில்லை. ‘கண்ணைக் கெடுக்கப் பார்த்தவள்’ என்ற பேச்சு கம்பம் முழுக்க இருந்தது. பலகையைக் கழற்றி, அண்ணனுடைய ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு, பிறந்த ஊரான கூடலூருக்குப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் புருவம் எடுக்க வருவார்கள். நான் பி.எட். படிக்கத் தேனிக்கு வந்துவிட்டேன். கிளம்பும் அன்று அக்கா எனக்கு ஒரு நல்ல பேனா கொடுத்தார். பிள்ளைகளுக்கு மருந்து, அமிலம் எல்லாம் கற்றுக்கொடுக்கப் போகிறாய், நல்லா இரு என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை.

துக்கம் விசாரிக்கக் கேதத்துக்குப் போனபோதுதான் அந்த அறையை முதலில் பார்த்தேன். பழைய பலகை உள்ளே சுவரோரம் சாய்த்திருந்தது. வெளியே மாட்ட இடம் போதவில்லை. ஈஸ்வரபாண்டி அண்ணன் ஒரு ஜவுளிக்கடைப் பையில் நோட்டுகளைப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

“நீயும் சேந்து எழுதுனதுதான. எனக்கு இதுல என்னம்மா தெரியும்? அந்தப் பிள்ளைக்கு முன்னாடி வரைக்கும் அவ சட்டத்த அவ மீறுனதே இல்ல. அன்னைக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். எந் தப்புதான்னு அதோட நிறுத்திக்கிருவா.”

சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

சின்னமனூர் தாண்டும்போது கூடலூர் நோட்டைப் பிரித்தேன். பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் ஒரு வரி இருந்தது. ‘316. கூப்பிட்டேன். எடுக்கவில்லை.’ ஐந்து வருடம், ஐந்து வரி. பக்கத்தில் ஷர்மினின் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணுக்கு நான் அழைத்தேன்.

எடுத்தாள். சுருளியக்கா இறந்ததைச் சொன்னேன். சாவுச் செய்திக்குச் சொல்லும் ‘இன்னா லில்லாஹி’யைச் சொன்னாள். பிறகு நான் கறுப்புக் கோனில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். உன் கையில் கொப்புளம் வந்ததை நான் நோட்டில் எழுதவே இல்லை, அக்காவுக்குக் கடைசி வரை தெரியாது என்றேன்.

“எழுதலயா?” என்றாள்.

“எழுதல.”

“அன்னைக்கு அந்தக்கா நோட்டத் தொறந்து வெரல வச்சுப் பாத்தாகள்ல. நம்பரு சொன்னீகள்ல, நாங்க எறங்குனப்பறம் எழுதியிருப்பீக, பாத்துட்டுத்தான் போடுறாக, அப்ப இது வேற மருந்து போலன்னு நெனச்சேன். நீங்க நல்லாருந்துச்சுன்னது சாதியா மதினி காதுக்காகன்னு நெனச்சேன். அவுக பக்கத்துல நிக்கயில நான் எப்படிச் சொல்ல? நோட்டுல இருக்கேன்னுதாங்க்கா நான் வாயத் தொறக்கல.”

மேசையில் திறந்திருந்த நோட்டை நான் மூடினேன்.

“தெரிஞ்சே போட்டுட்டாகன்னு அஞ்சு வருசமா அவுகள ஏசிக்கிட்டு இருக்கேன். நம்பரப் பாத்தா எடுக்கமாட்டேன்” என்றாள்.

குரல் உடைந்திருந்தது. பிறகு, அந்தக் கடையில் மட்டமான டை போட்டதால்தான் அப்படி ஆனது என்று எல்லாரும் சொன்னதால், போன மாதம் வேறு கம்பெனி டை ஒன்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். இன்னும் பிரிக்கவில்லையாம். எந்தக் கம்பெனி ஆனாலும் அது உனக்கு ஆகாது, இப்போதே தூக்கிப் போடு, தோல் டாக்டரிடம் போய் இந்த ரசாயனத்தின் பெயரைச் சொல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. ஏழு வருடம் பிந்திய எச்சரிக்கை.

“நீங்க சொல்றது பத்தாது. அந்த நோட்டுல எழுதுங்க. எழுதி அந்த அண்ணன்கிட்டக் காட்டுங்க. எனக்கும் ஒண்ணு படம் எடுத்து அனுப்புங்க, டாக்டர்ட்டக் காட்டுறேன்” என்று வைத்துவிட்டாள்.

எழுதினேன். ‘எண் 316. கறுப்பு மருதாணிக் கோன், இரண்டு கையும். பத்தாம் நாள் வரைந்த கோட்டிலேயே கொப்புளம். கடையில் கூடாது என்று தெரிந்தும் நான் வாங்கி வந்தேன். பி.பி.டி. என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதவில்லை. அக்கா கேட்டபோது இரண்டு முறை பொய் சொன்னேன். சாபிரா.’ இந்த ஆறேழு வரிக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. எழுதும்போதெல்லாம் ‘மாமி கேட்டுக்கொண்டதால்’ என்ற சொல் வந்து வந்து நின்றது. அதைச் சேர்க்கவில்லை.

நேற்று கூடலூருக்குப் போய் ஈஸ்வரபாண்டி அண்ணன் முன்னால் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. முடித்துவிட்டு வெளியே ஜீப்பைப் பார்த்தபடி இருந்தார்.

“அவளுக்குத் தெரியாமலே போயிருச்சு” என்றார்.

“ஆமாண்ணே.”

“நானும்ல அவள ஏசியிருக்கேன்.”

அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நோட்டை மறுபடி தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து, மேலே உள்ள பதிவுகளையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, இதற்கு இல்லையே, தேதி இல்லாமல் அவள் ஒன்றும் எழுதமாட்டாளே என்றார். தேதியையும் போட்டுக் கொண்டுவரச் சொல்லி நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அது நவம்பரா டிசம்பரா என்று எனக்குத் தெரியவில்லை. புயல் மழை பெய்து ஓய்ந்த சமயம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஷர்மினுக்கும் நாள் நினைவில்லை. பெரியம்மா மகளின் கல்யாணப் பத்திரிகை மாமி வீட்டில் எங்கேயாவது இருக்கலாம் என்றாள். மாமிக்கு மூன்று முறை அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை. பதிவின் இடது ஓரத்தில் தேதிக்காக இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.